வரப்பு வழி மூன்று கிலோமீட்டர்

பால் பாக்கெட் வாங்கத்தான் போனேன். டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சட்டசபை. யாரோ ஒருவர் எழுந்து நின்று கல்வி என்றார், கிராமம் என்றார், வரலாறு காணாத சாதனை என்றார். உடனே சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். தடதடவென்று அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டியபடி, "இன்னா மெம்பரே, உடம்பு சரியில்லியா?" என்றார். சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதவி போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இன்னும் என்னை மெம்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரசிடெண்டு என்று கூப்பிட நீதான் இல்லை.

நீ போய் மூன்று வருடமாகிறது. இத்தனை நாள் உனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியதே இல்லை. இன்று கோபத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அந்த வரிசையில் நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை சொல்லித் தீர்த்தால்தான் எனக்கு ஆறும். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியபோது, ஊர்ப் பெரிய மனுஷர்கள் ஒரு வாயில்லாப் பூச்சியைத் தேடினார்கள். உப்பளத்தில் கூடை தூக்குகிறவள், ஐந்தாவது வரை படித்தவள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்து உன்னைப் பிடித்து நிறுத்தினார்கள். உன் வாய் எப்பேர்ப்பட்டது என்று உன்னோடு ஒரே பாத்தியில் கூடை தூக்கிய எனக்கல்லவா தெரியும்! நீ நிற்கிறாய் என்றதும் நானும் ஒரு வார்டுக்கு நின்றேன். நான் கூனிமேட்டுப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ரோட்டோரத்து ஊர் என்பதால் பத்தாவது பாஸ். மனு எழுதுவதும், அரசாங்கக் காகிதத்தைப் படித்து உனக்குப் புரிய வைப்பதும் என் வேலை என்று பேசிக்கொண்டோம். ஜெயித்த அன்று மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நீ சொன்னாய்: "கனகா எட்டாவது முடிக்கறதுக்குள்ள நம்மூர்ல ஹைஸ்கூல் வந்துடணும்டி. எனக்கு வேற எதுவும் வாணாம்."

கனகா உன் மூத்த பெண். அப்போது கிளாசில் முதல் பெஞ்சில் உட்காருகிறவள்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மரக்காணம் போக வேண்டும். நடுவில் உப்பளம். தை பிறந்து, சேறு வாரி, பாத்தி கட்டி, வெயில் ஏறிவிட்டால் வரப்பு சிமெண்டுத் தரை போலக் கெட்டியாகிவிடும். அதன் மேல் நடந்தால் முக்கால் மணி நேரத்தில் மரக்காணம். ஐப்பசியில் மழை பிடித்ததோ, கழுவெளி ஏரித் தண்ணீர் ஏறிவிடும். எது பாத்தி, எது வரப்பு, எது வாய்க்கால் என்று நமக்கே அடையாளம் தெரியாது. பிறகு தை வரைக்கும் மண் ரோட்டில் சுற்றிக்கொண்டு ஈ.சி.ஆருக்குப் போய், பாண்டியிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் கை நீட்ட வேண்டும். அந்த வழி ஒன்பது கிலோமீட்டர். பஸ்காரன் நிறுத்துவானா என்பது அவன் மனசைப் பொறுத்தது. பையன்கள் எப்படியோ சைக்கிளில் தொற்றிக்கொண்டு பத்தாவது வரை போய்விட்டார்கள். நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஒன்பதாவதில் சேர்ந்து, அந்த வருட மழையோடு நின்றவர்கள்.

இரண்டாயிரத்து நான்கு, மே மாதம். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சார் ஜீப்பில் வந்தார். பள்ளிக்கூடத்தைத் தரம் உயர்த்தலாமா என்று பார்க்க வந்த ஆய்வு. நாம் மூன்று வருடம் எழுதிய மனுக்களுக்கு வந்த முதல் பதில் அந்த ஜீப்தான். இடம் இருக்குதா, தண்ணீர் இருக்குதா, பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எல்லாவற்றுக்கும் இருக்குது சார், இருக்குது சார் என்றோம். கடைசியாகக் கேட்டார்: "பக்கத்துல ஹைஸ்கூல் எவ்ளோ தூரம்மா?"

அந்த நேரத்தில் நம் இரண்டு பேர் மனசிலும் என்ன ஓடியது என்று எனக்கு இப்போதும் தெரியும். அதற்கு முந்தைய வருடம் நம் பள்ளிக்குப் போட்ட இரண்டு டீச்சர்கள், "இவ்ளோ உள்ள இருக்குதே, நாங்க எப்படி வந்து போறது?" என்று கேட்டு, ஒரே மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். தூரம் என்று சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்பதுதான் நாம் கற்றுக்கொண்ட பாடம். அதனால் நீ ஊரையே இழுத்து மரக்காணத்துக்குப் பக்கத்தில் வைத்தாய். "இதோ தெரியுது பாருங்க சார், அந்தத் தண்ணி டேங்கு. அதான் மரக்காணம். வரப்புல எறங்கிட்டா மூணே கிலோமீட்டரு. டீச்சருங்க அங்க வூடு எடுத்துத் தங்கினாக்கூட காத்தாட நடந்து வந்துடலாம்" என்றாய். நான் சும்மா இருந்தேனா? பெரிய வக்கீல் மாதிரி, "மூணு கூட வராது சார்" என்றேன்.

அவர் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். கடல் காற்று அடித்தது. நல்லாயிருக்குதும்மா ஊரு என்றார். மூன்று என்று எழுதினார். பேப்பரை உன்னிடம் நீட்டினார். நீ தலைப்பெழுத்தோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினாய். நுங்கு வெட்டிக் கொடுத்து அனுப்பினோம். ஜீப் போன பிறகு "நல்லா பேசிட்டோம்ல?" என்று கேட்டாய். நானும் ஆமாம் என்றேன்.

ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு உயர்நிலைப் பள்ளி இருந்தால் இன்னொன்று கிடையாது என்று விதி இருக்கிறதாம். அந்த சாருக்கு அது தெரியும். தெரிந்துதானே கேட்டார்? "பாத்து சொல்லுங்கம்மா, இதுல தான் எல்லாம் இருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சொத்து கரைந்திருக்குமா? தீயாய்க் காயும் மே மாதத்தில் வரப்பைப் பார்த்தவருக்கு, மழையில் இது என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. நமக்கும் சொல்லத் தோன்றவில்லை. உப்பளத்துக்காரியிடம் மே மாதத்தில் தூரம் கேட்டால் அவள் மே மாதத்துத் தூரத்தைத்தான் சொல்வாள். நான் பத்தாவது படித்தவள், எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் அலை வந்தது. நம் ஊர் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்ததால் உயிர் பிழைத்தோம். பாத்தியெல்லாம் சேறாகி வேலை போனது. மீனவர் குப்பங்களுக்கு எம்.எல்.ஏ. வந்து போய்க்கொண்டிருந்தார். அனுமந்தையில் நீ அவர் காரை மறித்தாய். நிவாரணம் கேட்க வந்தவள் என்று நினைத்து, "லிஸ்ட்ல பேர் இருக்குதாம்மா?" என்றார். "அரிசி வாணாம் சார். எங்க ஊரு ஹைஸ்கூல் இன்னா ஆச்சுன்னு சட்டசபையில கேளுங்க" என்றாய். சரிம்மா என்றார். நீ விடவில்லை. "நீங்க பேசும்போது நாங்க வந்து பாக்கலாமா சார்?" என்றாயே! எனக்கு மயக்கம் வராத குறை. ஆனால் ஏப்ரலில் அவருடைய ஆள் நம்மைத் தேடிவந்து இரண்டு பாஸ் கொடுத்துவிட்டுப் போனான். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும் நாளாம். கனகா அந்த மாதம்தான் எட்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். கோட்டை வாசலில் பையை வாங்கினார்கள், குடையை வாங்கினார்கள், நீ கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றையும் வாங்கி ஓரமாக வைத்தார்கள். பார்வையாளர் மாடத்துக்குப் போகும் படியில் வெள்ளைச் சீருடை போட்ட சபைக் காவலர், "பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிக்கக் கூடாது, தூங்கக் கூடாது" என்று ஒப்பித்தார். "மூச்சு விடலாமா சார்?" என்று நீ என் காதில் கேட்டாய். உன் இடுப்பில் கிள்ளினேன். உள்ளே ஒரே ஏசி. வருடத்தில் எட்டு மாதம் வெயிலில் வேகிற நாம் இரண்டு பேரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கினோம்.

கீழே பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கிராமப் பொருளாதாரம் என்று ஆரம்பித்து, கரும்பு, நெல், கால்நடை என்று நம் ஊரில் இல்லாத எல்லாவற்றையும் சொன்னார். உப்பு என்ற சொல் வரவே இல்லை. இன்னொருவர் எழுந்து, ஊராட்சிகளுக்கு நிதி அதிகாரம் எங்கே என்று கேட்டார். ஊராட்சித் தலைவரால் தெருவிளக்கில் ஒரு பல்பைத்தான் மாற்ற முடிகிறது, பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு கரும்பலகை வாங்க முடியவில்லை என்றார். "நெசம்டி" என்று நீ முணுமுணுத்தாய். அமைச்சர் பக்கத்திலிருந்து யாரோ, உங்கள் ஆட்சியில் அந்தப் பல்பும் எரியவில்லை என்றார்கள். சபை முழுவதும் சிரித்தது. எல்லாக் கட்சியும் சேர்ந்து சிரித்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உனக்குப் புரியவில்லை. பல்பு மாற்றுவதற்கு நீ ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்த நடையை நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நம் எம்.எல்.ஏ.வுக்குக் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி தலைமைக்கு நன்றி சொல்வதிலேயே போனது. மணி அடித்த பிறகுதான் நம் ஊர்ப் பெயர் வந்தது. உப்பளத் தொழிலாளர்களின் பெண் குழந்தைகள், உயர்நிலைப் பள்ளி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நம் ஊர்ப் பெயரை அந்தப் பெரிய மண்டபத்தில் மைக்கில் கேட்டதும் நீ என் கையை இறுகப் பிடித்தாய். உன் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கும்.

அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். ஊர் ஊராகப் படித்துக்கொண்டே வந்தார். இது பரிசீலனையில் உள்ளது, அது நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும். பிறகு நம் ஊர். "மேற்படி கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலேயே அரசு மேல்நிலைப் பள்ளி இயங்கி வருகிறது. எனவே தரம் உயர்த்த வேண்டிய அவசியம் எழவில்லை." அவ்வளவுதான். மூச்சு விடாமல் அடுத்த ஊருக்குப் போனார். அந்த ஊருக்கு ஏதோ கிடைத்தது. மேஜையைத் தட்டினார்கள்.

மூன்று என்ற சொல் காதில் விழுந்ததும் உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த மூன்று யார் கொடுத்தது என்று உனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீ எழுந்துவிட்டாய். பாதி எழுந்து, வாயைத் திறந்துவிட்டாய். மாடத்து ஓரத்தில் நின்ற காவலர் நம்மைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. "உக்காருடி" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். நீ உட்கார்ந்துவிட்டாய்.

பயந்துதான் இழுத்தேன் என்று அப்போது உன்னிடம் சொன்னேன். வெளியே தள்ளுவார்கள், கேஸ் போடுவார்கள், எம்.எல்.ஏ. கோபித்துக்கொள்வார் என்றெல்லாம் பயந்தேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். நீ எழுந்து பேசினால், இந்தத் தூரத்தைச் சொன்னது யார் என்று கேட்பார்கள். மூன்று கூட வராது என்று சொன்ன படித்த மெம்பர் யார் என்று கேட்பார்கள். அத்தனை பேர் முன்னால் என் முட்டாள்தனம் வெளியே வந்துவிடும் என்று கூசினேன். உன் பெண்ணின் படிப்பை விட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை நான் உன் முகத்துக்கு நேராக ஒருநாளும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ புளிச்சோற்றைப் பிரிக்கவே இல்லை. ஊர் நெருங்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "ஏண்டி இழுத்த?" என்றாய். பயம் என்றேன். உம் என்றாய். பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை நீ எடுத்ததே இல்லை.

மே தினக் கிராம சபையில் தீர்மானம் போட்டோம். சாலை வழித் தூரம் ஒன்பது கிலோமீட்டர் என்று நான்தான் எழுதினேன், ஊரே கையெழுத்துப் போட்டது. அதை எடுத்துக்கொண்டு அந்தக் கல்வி அலுவலக சாரிடம் போனோம். ஃபைலைப் புரட்டி உன் கையெழுத்தைக் காட்டினார். "நீங்கதானேம்மா சொன்னீங்க? இப்ப மாத்திச் சொன்னா எப்படி?" என்றார். "அது வெயில் காலத்து வழி சார். மழையில வந்து பாருங்க, வரப்பே இருக்காது" என்றாய். கிராம சபைக்குத் தூரம் சொல்ல அதிகாரம் இல்லை, அலுவலகம்தான் சொல்ல வேண்டும், மறு ஆய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம்.

சரி, பள்ளிக்கூடம் வருகிறபோது வரட்டும், வரப்பையாவது உயர்த்திக் கட்டுவோம் என்றாய் நீ. ஊராட்சியில் பணம் இருந்தது. ஆனால் உப்பள நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாம், அதில் ஊராட்சிப் பணத்தைப் போடக் கூடாதாம். மழை நான்கு மாதமும் பிள்ளைகளை ஏற்றிப் போக ஒரு வேன் வைக்கலாமா என்று கேட்டோம். கல்வி உங்கள் அதிகாரத்தில் இல்லை என்றார்கள். கால்வாய் தூர் வாரலாம், சிறுபாலம் கட்டலாம், பல்பு மாற்றலாம். நிலம் டெல்லியில், பள்ளிக்கூடம் சென்னையில், பல்பு உன் கையில். அன்று ஒன்றிய அலுவலக வாசலில் நின்று நீ கெட்ட வார்த்தையில் திட்டினாய். வாழ்நாளில் நீ திட்டியதிலேயே நியாயமான திட்டு அதுதான்.

ஜூனில் கனகா மரக்காணத்தில் ஒன்பதாவது சேர்ந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடுவாள். நாம் கூடையோடு வரிசையில் போகும்போது எதிரே வந்தால், ஒதுங்கி நிற்காமல் நம் இடுக்கில் புகுந்து ஓடுவாள். அவள் பின்னலில் கட்டிய ரிப்பன் தூரத்தில் புள்ளியாகும்வரை நீ பார்த்துக்கொண்டே நிற்பாய். மேஸ்திரி சத்தம் போடுவான். அந்த நான்கு மாதம் நீ சந்தோஷமாக இருந்தாய் என்று நினைக்கிறேன்.

அந்த வருட மழை எப்படிப்பட்டது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் முழங்கால் தண்ணீரில் போனாள். அடுத்த வாரம் இடுப்பு அளவு வந்ததும் நீயே நிறுத்தினாய். ரோடு வழியாக அனுப்பினாய். விடிவதற்கு முன் கிளம்பினாலும் பஸ் நிற்காது. போய்ச் சேரும்போது பிரேயர் முடிந்திருக்கும். தாமதமாக வந்தவள் என்று வாசலில் ஈரப் பாவாடையோடு நிற்க வைப்பார்களாம். ஒரு வாரம் அப்படிப் போனாள். நீ அந்த சாரிடம் ஓடினாய், நானும் கூட வந்தேன். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து அவர் மேஜை முன்னால் நின்றோம். "இப்ப வாங்க சார், இப்ப வந்து அளந்து பாருங்க" என்று கெஞ்சினாய். அவர் ஜன்னலைப் பார்த்தார். "இந்த மழையில உங்க ஊருக்கு எப்படிம்மா வர்றது? வழியே இல்லியே" என்றார்.

நீ அவரையே பார்த்துக்கொண்டு நின்றாய். "அதத்தான் சார் நானும் சொல்றேன்" என்றாய். அவருக்கு உறைக்கவே இல்லை. மழை விட்டதும் வர்றேன் என்றார். மழை விட்டதும் வந்தார். மறுபடியும் மே மாதம். மறுபடியும் வரப்பு காய்ந்து கிடந்தது. அந்த முறை நுங்கு கொடுக்கவில்லை என்பதுதான் நம்மால் முடிந்தது.

ஆனால் அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. "மழை விட்டதும் போறேம்மா" என்று சொல்லிக் கனகா வீட்டில் இருந்தாள். தை வந்தது, பாத்தியில் சேறு வாரும் வேலை ஆரம்பித்தது, கூலிக்கு ஆள் பத்தவில்லை. ஒரு காலை அவள் தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு உனக்குப் பின்னால் வந்து நின்றாள். நீ, அவள், நான் என்று வரிசையாக நடந்தோம். அவள் கழுத்து புதுப் பாரத்தில் ஆடியது எனக்கு முன்னால் தெரிந்துகொண்டே இருந்தது. அந்த வருடக் கடைசியில் உன் பதவிக் காலமும் முடிந்தது.

உயர்நிலைப் பள்ளி வந்தது. உனக்குத் தெரியும், நீ பார்த்தாய். கனகாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகு வந்தது. ஏதோ ஒரு திட்டம், இத்தனை பள்ளிகளைத் தரம் உயர்த்துவது என்று அறிவித்தார்கள், அந்தப் பட்டியலில் நம் ஊரும் இருந்தது. யாரும் அளக்க வரவில்லை. எவ்வளவு தூரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியானால் அந்த மூன்று எதற்கடி? எதற்காக உன் கையெழுத்தைக் காட்டிக் காட்டி நம்மை அலைய விட்டார்கள்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் ராத்திரிச் சோறு இறங்குவதில்லை. திறப்பு விழா அன்று நீ கூட்டத்தில் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "வேற வூட்டுப் பொண்ணுங்க படிக்கட்டும் போடி" என்றாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

உன் காரியம் முடிந்த அன்று சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்த பிறகு கனகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "சித்தி, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் மெட்ராஸ்ல சட்டசபையில சண்ட போட்டீங்களே, அன்னிக்குப் பயமா இல்லியா உனக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சண்டை என்று கேட்பதற்குள் அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

"நான் படிப்ப வுட்டப்போ அம்மா மேல எனக்கு அவ்ளோ கோவம் சித்தி. பிரசிடெண்டா இருந்து எனக்கு இன்னா பண்ணேன்னு கேட்டுட்டேன். அப்பதான் சொல்லுச்சு. மந்திரி மூணு கிலோமீட்டருன்னு படிச்சப்போ அம்மா எழுந்து நின்னு, 'அய்யா, அந்த மூணு நான் சொன்னது, வெயில்ல சொன்னது, மழையில வந்து நடந்து பாத்துட்டு எழுதுங்க, எம்பொண்ணு எட்டாவது முடிச்சிட்டு நிக்குது'ன்னு கத்துச்சாம். மொத்த சபையும் அண்ணாந்து மேல பாத்துச்சாம். வெள்ள யூனிபார்ம் போட்டவங்க வந்து இழுத்தாங்களாம். அம்மா தனியா மாட்டிக்கக் கூடாதுன்னு நீதான் கையப் புடிச்சிக்கினு கூடவே எழுந்து, 'ஒம்போது, ஒம்போது'ன்னு கத்தினியாம். புடிச்ச புடியில வளையல் ஒடஞ்சி கையக் கிழிச்சிடுச்சின்னு தழும்பக் கூடக் காட்டுச்சு. இத்தக் கேட்டப்புறம் எனக்கு அம்மா மேல கோவமே வரல சித்தி. எனக்கோசரம் அங்க போயி கத்துச்சே, அது போதும்னு தோணிடுச்சு."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியே, எத்தனை வருடம் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்னோடு கூடை தூக்கினாய்? உன் பெண்ணுக்காக நீ பேசியதாகச் சொன்னது எனக்குப் புரிகிறது. அந்த வார்த்தைகளெல்லாம் அன்று உன் வாயில் இருந்தவைதான், நான் இழுக்காமல் இருந்திருந்தால் வெளியே வந்திருக்கும். "சித்திதான் என்னை உட்கார வைத்தாள்" என்று உண்மையைச் சொல்லி, பழியை என் மேல் போட்டிருக்கலாம். அந்தப் பெண்ணின் கோபம் எனக்கு வந்து சேர்ந்திருக்கும். அது எனக்கு வர வேண்டியதுதானே?

கனகா பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமா இல்லாம இருக்குமாடி?" என்றேன். "ஆனா உங்கம்மா கத்தும்போது நான் மட்டும் எப்படி உக்காந்திருக்க முடியும்?" அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அந்தப் பொய்யில் இப்போது எனக்கும் பங்கு. அதை நான் சாகும்வரை காப்பாற்றுவேன், கவலைப்படாதே. ஆனால் உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பேசாமல் ஒதுக்கியிருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் எழுந்து நிற்காத இடத்தில் என்னையும் உன் பக்கத்தில் நிற்க வைத்து, உன் பெண்ணிடம் காட்டிவிட்டுப் போயிருக்கிறாயே, அதைத்தான்டி என்னால் தாங்க முடியவில்லை.